நோவாவின் மனைவிக்கு வசனம் இல்லை

வைஜயந்தியை எங்கள் ஸ்டுடியோவுக்குக் கூட்டி வந்தவள் நான்தான். காரணம் ஒரே ஒரு சொல். ஜலப்பிரளயம்.

ஸ்டுடியோ என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தில்லைநகரில் ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கு மேலே மூன்று அறைகள், அவ்வளவுதான். கீழே பல்லைக் குடையும் மெஷின் ஓடும்போது மேலே குரல் பதிய முடியாது. டாக்டர் மத்தியானம் சாப்பிடப் போனால்தான் எங்களிடம் மோசேயும் தாவீதும் வாய் திறப்பார்கள். முதலாளி ஞானாபரணம் சார். நல்ல மனிதர், கூடவே பயந்த மனிதர். ஞாயிறு பள்ளிக் குழந்தைகளுக்காகப் பைபிள் கதைகளைத் தமிழில் கார்ட்டூன் படமாக எடுக்கிறார். அவரும் நானும் ஒரே லுத்தரன் சபை. தமிழ் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆன நான் படங்களுக்கு வசனம் எழுதுகிறேன். எல்லோருக்கும் நான் டீச்சர்தான். பெயர் சொல்லிக் கூப்பிட இப்போது எனக்கு யாரும் இல்லை.

இந்தத் தொழிலில் ஒரு பெரிய கஷ்டம் உண்டு. எங்கள் படத்தைப் பார்க்க வருகிறவர்கள் அதை ஏற்கெனவே மனசுக்குள் பார்த்து முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். நோவாவுக்குத் தாடி வெள்ளையாக இருக்க வேண்டும், அதுவும் மார்பு வரை. பேழை ஜன்னலில் ஒட்டகச்சிவிங்கி தலையை நீட்ட வேண்டும். வானவில் வராமல் படம் முடியக் கூடாது. கர்த்தர் பேசினால் கட்டைக்குரல், அதோடு எக்கோ. எக்கோ இல்லாவிட்டால் கர்த்தர் என்று ஒருவரும் ஒத்துக்கொள்வதில்லை. கத்தோலிக்கர்கள் அவரை ஆண்டவர் என்பார்கள், நாங்கள் கர்த்தர் என்போம். அதனால் ஒரே படத்துக்கு இரண்டு விதமாகக் குரல் பதிவோம். அவர்களுக்கு வெள்ளப்பெருக்கு, எங்களுக்கு ஜலப்பிரளயம். குழந்தைகளுக்குப் புரியட்டும் என்று நான் எங்கள் பதிப்பிலும் வெள்ளம் என்றே எழுதிப் பார்த்தேன்.

"வெள்ளம்னா நம்ம உய்யக்கொண்டான் வாய்க்கால்லகூட வருது டீச்சர். இது ஜலப்பிரளயம். அப்படிச் சொன்னாத்தான் சபைல ஏத்துக்குவாங்க" என்று ஞானாபரணம் சார் அதை அடித்துவிட்டார்.

குரல் கொடுக்க வந்த பிள்ளைகளோ சலப்ரலயம் என்றார்கள், ஜலப்பிராலயம் என்றார்கள். ஒரு பெண் ஜலதோஷம் என்றே சொல்லிவிட்டுத் தானே சிரித்தது. எனக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம். அப்போதுதான் வைஜயந்தியின் ஞாபகம் வந்தது.

அவள் ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவள். படிப்பு முடிந்ததும் திருச்சி வானொலியில் தற்காலிக அறிவிப்பாளராகச் சேர்ந்தாள். அங்கே குழந்தைகள் நிகழ்ச்சிக்கு நாடகம் எழுதிக் கொடுக்க நான் போவேன், பழக்கம் அப்படி. அணையில் தண்ணீர் திறந்த செய்தியோ நெல் விலையோ, அவள் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாகச் சொல்வது போலிருக்கும். பராசரனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவருக்குத் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை. கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் குடித்தனம். வருஷங்கள் போயும் குழந்தை இல்லை. தினம் பெருமாளைச் சேவிக்கப் பக்கமாக இருக்கட்டும் என்று ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்கே திரும்பி வந்து மாடி வீட்டில் குடியேறினார்கள். அதற்கப்புறம்தான் மேகனா பிறந்தாள். ஒரே பெண்.

மேகனாவை நான் பார்த்திருக்கிறேன். கால் தரையில் பாவாத பெண். காலையில் ஸ்கூல் ஆட்டோ ஹாரன் அடித்ததும் டிபன் டப்பாவை மறந்துவிட்டு மாடிப்படியில் தடதடவென்று இறங்கிவிடும். வைஜயந்தி பால்கனிக்கு ஓடி வருவாள். இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, "மேகனா..." என்று கடைசி எழுத்தை இழுத்துக் கூப்பிடுவாள். அந்தப் பெண் முதல் தடவை திரும்பாது. இரண்டாவது தடவைக்குத்தான் திரும்பி, பல்லைக் காட்டிக்கொண்டு, மேலே ஏறி வரும். ரேடியோவில் அவ்வளவு நயமாகப் பேசுகிறவள் தெருவே கேட்கும்படி இப்படிக் கத்துகிறாளே என்று எதிர்வீட்டார் கேலி செய்வார்கள்.

மேகனா பிளஸ் டூ கடைசிப் பரீட்சை எழுதிய அன்று தோழிகளோடு கொள்ளிடத்துக்குப் போனாள். மார்ச் மாதம், ஆற்றில் கணுக்கால் நனையக்கூடத் தண்ணீர் கிடையாது. ஆனால் மணல் அள்ளிய பள்ளம் ஒன்றில் தேங்கி நின்றது. ஆழம் தெரியாமல் இறங்கினாள். கரையில் நின்ற பிள்ளைகள் பயத்தில் ஊருக்குள் ஓடி வந்தன. ஆட்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. ஆற்றில் தண்ணீரே இல்லாத மாதத்தில் ஒரு பெண்ணைத் தண்ணீர் கொண்டுபோயிற்று. இதை எழுதும்போது இப்போதும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

காரியங்கள் முடிந்த மறுநாள் பராசரன் மனைவியிடம் சொன்னாராம்: "இனிமே இந்த ஆத்துல அந்தப் பேர் வேண்டாம். நீ சொன்னா நான் எழுந்து எங்கேயாவது போயிடுவேன். என்னால தாங்க முடியாது." அவர் கொடுமைக்காரர் இல்லை. அவரால் முடியவில்லை, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துப் படங்களையெல்லாம் எடுத்து மறைத்து வைத்தார். வைஜயந்தியும் அந்தப் பெயரை விழுங்கிக்கொண்டாள். வானொலிக்குப் போவதை விட்டாள். அந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள், நேரத்துக்குக் காபி கலந்து குடித்தார்கள், அந்தப் பெயர் மட்டும் இல்லை.

சில மாதம் கழித்து நான் போய், ஒரு வார்த்தையைச் சரியாகச் சொல்ல ஆள் தேடுகிறோம் என்றேன். "என்ன வார்த்தை டீச்சர் அது?" என்று கேட்டாள் வைஜயந்தி. சொன்னேன். லேசாகச் சிரித்தாள்.

"ஜலப்பிரளயமா? இதைச் சொல்ல ஆளே கிடைக்கலையா உங்களுக்கு? எங்காத்துல குடிக்கறதே ஜலம்தானே."

பராசரன் பேப்பரை மடித்துவிட்டு நிமிர்ந்தார். "என்ன கதை?" என்றார்.

"நோவா கதைங்க. உலகமே தண்ணில மூழ்கிப்போகும். ஒரு குடும்பம் மட்டும் பேழைல தப்பிக்கும்."

எதைச் சொல்கிறோம் என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். தண்ணீர் என்ற சொல்லுக்கு அவர் முகம் மாறியது. ஆனாலும், "நமக்கும் பிரளயம் உண்டு, மச்சாவதாரம் உண்டு. போயிட்டு வரட்டும். சுவரைப் பார்த்துண்டு உக்காந்திருக்கறதுக்கு இது தேவலை" என்றார்.

அப்படித்தான் அவள் வந்தாள். அவளுக்கு இரண்டு வேலை. கதை சொல்லும் குரல் ஒன்று, நோவாவின் மனைவி ஒன்று. இரண்டாவது வேலை ரொம்பச் சுலபம். வேதத்தில் நோவாவின் மனைவிக்குப் பெயரும் கிடையாது, பேச்சும் கிடையாது. நான் ஒரு தைரியத்தில் இரண்டு மூன்று இடத்தில் மட்டும் "சரிங்க", "சாப்பிட வாங்க" என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

இந்த இடத்தில் இம்தியாஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். படம் வரைந்து அசைய வைப்பவர் அவர்தான். நத்தர்ஷா பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் வீடு, ஒரு குழந்தைக்குத் தகப்பன், கோடு அவ்வளவு சுத்தம். வேலைக்குச் சேரும்போதே ஒன்று சொல்லிவிட்டார். "மிருகம், தண்ணி, மத்த ஆளுங்க எல்லாம் நான் போடுறேன் சார். நபிமாருங்க முகம் மட்டும் போட மாட்டேன்." எங்கள் நோவா அவர்களுக்கு நூஹ் நபி. ஆகவே அந்த முகத்தைச் சென்னையில் ஒருவர் வரைந்து அனுப்பினார். அது வராத இடங்களில் எங்கள் நோவா முதுகைக் காட்டிக்கொண்டே பேழை கட்டினார். நோவாவின் மனைவி முழுக்க முழுக்க இம்தியாஸின் கை.

கார்ட்டூனில் குரல் முதலில், வாய் அப்புறம். பேசுகிறவரை இம்தியாஸ் போனில் வீடியோ எடுத்துக்கொள்வார். பிறகு அதைப் பார்த்துப் பார்த்து உதட்டையும் கையையும் வரைவார்.

பேழையின் கதவு மூடுகிற காட்சி வந்தது. வெளியே மழை. நோவாவின் மனைவி ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள். வசனம் எதுவும் இல்லை. அறையில் நாங்கள் மூன்று பேர்தான். இம்தியாஸ் பதிவு செய்துகொண்டிருந்தார்.

"இங்க ஒரு மூச்சு மட்டும் விடுங்கம்மா. தண்ணி ஏறிக்கிட்டு இருக்கு, நீங்க வெளிய பாக்குறீங்க" என்றார்.

வைஜயந்தி மைக்குக்கு முன்னால் நின்றாள். இடது கை மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டது. கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

"மேகனா..."

பால்கனியில் கேட்ட அதே குரல், ஆனால் அடியில் ஏதோ கிழிந்திருந்தது. அவள் அழவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டாள். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு நான் அங்க இல்லை டீச்சர்" என்றாள். "கரையில நின்னதெல்லாம் குழந்தைகள். பேரைச் சொல்லிக் கூப்பிடக்கூடத் தோணாம ஓடி வந்துடுத்துகள். யாருமே அவளைக் கூப்பிடலை. இன்னிக்குத்தான் நான் கூப்பிட்டேன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

"அதை எடுத்துடாதேங்கோ. எங்காத்துல அந்தப் பேர் கேட்காது. எங்கேயோ ஒரு ஹாலில், முகம் தெரியாத குழந்தைகள் நடுவுலயாவது கேட்டுண்டு இருக்கட்டும். வேற எதுவும் வேண்டாம் எனக்கு."

எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டேன். சொல்ல எனக்கு என்ன அதிகாரம் என்று அப்போது தோன்றவில்லை. ஞானாபரணம் சாரோ வானவில்லில் ஊதா சரியாகத் தெரிகிறதா என்று பார்ப்பதிலேயே இருந்தார். அந்தக் காட்சியைச் சத்தத்தோடு அவர் பார்க்கவே இல்லை.

எந்தப் படத்தையும் வெளியிடுவதற்கு முன்னால் சில பேருக்குப் போட்டுக் காட்டுவது எங்கள் வழக்கம். மேலப்புதூர்ப் பக்கம் ஒரு சபை ஹாலில் திரையைக் கட்டினோம். ஞாயிறு பள்ளி ஆசிரியைகள், தாய்மார்கள், சபைப் பெரியவர் ஒருவர், தரை கொள்ளாமல் குழந்தைகள். வைஜயந்தியும் நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம்.

தொடக்கம் அமோகம். யானைக்குக் கைதட்டல், குரங்குக்கு விசில். ஜலப்பிரளயம் என்ற சொல் வைஜயந்தியின் குரலில் வந்தபோது எங்களுக்கு முன் வரிசையில் இருந்த அம்மா ஒருத்தி திரும்பி, "கதை சொல்ற சிஸ்டர் நீங்கதானா? என்ன சுத்தமா சொல்றீங்க! எந்த சபை?" என்று கேட்டாள்.

"ஸ்ரீரங்கம்" என்றாள் வைஜயந்தி.

"அங்க நம்ம சபை எந்தத் தெருவுல இருக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வைஜயந்தியும் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். மகள் போன பிறகு அவள் கண் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கதவு மூடிற்று. மழை. நோவாவின் மனைவி ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கழுத்தைச் சாய்த்து, "மேகனா..." என்று கூப்பிட்டாள். ஒரு குழந்தை அழத் தொடங்கியது. இன்னொரு சின்னப் பெண் எழுந்து நின்று, "மிஸ், மேகனா அக்கா ஏன் கப்பலுக்கு வரல?" என்று கேட்டது. மிஸ் அதை இழுத்து உட்கார வைத்தாள்.

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் பிடித்துக்கொண்டார்கள். நோவா ஏன் முதுகையே காட்டுகிறார் என்பதில் ஆரம்பித்து அந்த ஜன்னல் காட்சிக்கு வந்து சேர்ந்தார்கள்.

"வேதத்துல நோவாவோட சம்சாரம் வாயைத் திறந்ததா எங்கய்யா இருக்கு?" என்றார் பெரியவர்.

"என் பிள்ளை பயந்துபோய் அழுவுதுங்க. பேழைக்குள்ள போனவங்க சந்தோஷமால்ல இருக்கணும்? கர்த்தர் காப்பாத்திட்டாரே" என்றாள் ஒரு தாய்.

"மேகனான்னு யாரு சார்? பைபிள்ல அப்படிப் பேரே கிடையாதே. அது இந்துப் பேரு இல்ல?" என்றாள் ஒரு ஆசிரியை.

அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் எனக்குத் தெரிந்த சபை ஜனங்கள்தான், எனக்கு உடம்பு சரியில்லை என்றால் கஞ்சி வைத்துக்கொண்டு வருகிறவர்கள்தான். ஆனாலும் அன்று ஒவ்வொருவர் மேலும் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. வைஜயந்தி குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஸ்டுடியோவில் சண்டை போட்டேன்.

"ஒட்டகச்சிவிங்கி ஜன்னல்ல தலையை நீட்டினதா வேதத்துல இருக்கா சார்? அதை யாராவது கேட்டாங்களா?"

"ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்து யாரும் அழலையே டீச்சர்" என்றார் ஞானாபரணம் சார்.

"கதவுக்கு வெளிய இருந்தவங்களும் ஜனங்கதானே? ஒருத்திக்காவது வருத்தம் இருந்திருக்காதா?"

"இருந்திருக்கும். எனக்கும் அந்த இடத்துல நெஞ்சு அடைச்சுது. ஆனா பிள்ளைங்களுக்குப் போடுற படம் இது. வர்றவங்க எதை எதிர்பார்த்து வர்றாங்களோ அதைக் கொடுத்தாத்தான் அடுத்த படத்துக்கு வருவாங்க. பேரு யாருதுன்னு எனக்கு ராத்திரி நீங்க சொல்லித்தான் தெரிஞ்சுது. அந்தம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீங்க சொல்லிடுங்க."

இம்தியாஸ் கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார்.

"எனக்குத் தெரியாதுங்க டீச்சர். எடுக்க வேண்டாம்னு நீங்க சொன்னதும் கதையில உள்ளதுன்னுதான் நெனச்சேன்."

"கதையில ஏது இம்தியாஸ்?"

"எங்க கதையில இருக்குங்க. நூஹ் நபியோட மகன் ஒருத்தர் கப்பல்ல ஏற மாட்டாரு. தண்ணி ஏறுறப்ப நூஹ் நபி அவரைக் கூப்பிடுவாங்க. வரமாட்டேன்னுடுவாரு. நடுவுல அலை வந்துடும். சின்ன வயசுல மதரஸால ஹஜ்ரத் சொன்னப்ப அழுதிருக்கேன். உங்க கதையில மகனுக்குப் பதிலா மக, அப்பாவுக்குப் பதிலா அம்மான்னு நெனச்சுக்கிட்டேன். பேரை நம்ம ஊரு பிள்ளைங்களுக்காக நீங்க வச்சிருப்பீங்கன்னு நெனச்சேன். அதான் அந்த உதட்டை அவ்வளவு பார்த்துப் பார்த்துப் போட்டேன்."

ஞானாபரணம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வைஜயந்தியிடம் நான்தான் சொன்னேன். அவள் கோபித்துக்கொண்டால் நன்றாக இருந்திருக்கும். "பேரு வேண்டாம்னா கூப்பிடற அந்தச் சத்தத்தையாவது விடுங்கோளேன்" என்று மட்டும் கேட்டாள். அதுவும் கூடாதாம். அந்த வாய்க்கு "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று பதிந்து தரச் சொன்னார் ஞானாபரணம் சார். அவள் மறுக்கவில்லை. பல் டாக்டர் சாப்பிடப் போன பிறகு மைக்குக்கு முன்னால் வந்து நின்றாள். திரையில் அந்தப் பெண்ணின் உதடு மூடித் திறந்தது. வைஜயந்தியின் வாய் திறந்தது, குரல் எழவில்லை. மறுபடி பார்த்தாள். மறுபடியும் இல்லை.

"சொல்லக் கூடாதுன்னு இல்லை டீச்சர். யார் சாமியா இருந்தா என்ன? ஆனா அந்த வாய் சொல்றது வேறயாச்சே. அது மேல இதை எப்படி வைப்பேன்?" என்றாள். ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனவள்தான். பிறகு ஸ்டுடியோவுக்கு வரவில்லை.

கடைசியில் குரலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புல்லாங்குழலை வைத்தார்கள். வாயை மூடி வரைந்துவிடச் சொன்னார் சார். சபைகள் குழந்தைகளுக்கு நடத்தும் மே மாத விடுமுறைப் பள்ளிக்குப் படம் போயாக வேண்டும். "நேரமில்லைங்க சார்" என்றார் இம்தியாஸ். வேறு எதற்கும் அவர் நேரமில்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை.

படம் நன்றாகவே போயிற்று. மருங்காபுரிப் பக்கத்துச் சின்னச் சபைகளிலிருந்துகூடக் கேட்டு வாங்கினார்கள். எங்கள் சபையில் போட்டபோது நானும் போயிருந்தேன். கதவு மூடியது, நோவாவின் மனைவி ஜன்னலில் நின்று வாயைத் திறந்தாள், புல்லாங்குழல் ஒலித்தது. "அவங்க என்ன சொல்றாங்க மிஸ்?" என்று கேட்டது ஒரு குழந்தை. "ஜெபம் பண்றாங்கம்மா" என்றாள் ஆசிரியை. குழந்தைகளும் கையைக் கூப்பிக்கொண்டன. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

படத்தை ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஸ்ரீரங்கம் போனேன். அவள் பெயர் படத்தின் கடைசியில் வருகிறது, அதையாவது பார்க்கட்டும் என்பதுதான் என் எண்ணம். எனக்கும் அவளைப் பார்க்க வேறு சாக்குக் கிடைக்கவில்லை.

வைஜயந்தி இளைத்திருந்தாள். "போட்டுண்டு இருங்கோ, காபி கலந்துண்டு வரேன்" என்று உள்ளே போனாள். அந்த இடம் வரும்போது இங்கே இருக்க வேண்டாம் என்று நினைத்திருப்பாள். பராசரன் நாற்காலியைப் பால்கனிப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஸ்டுடியோவில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. அந்தப் பெயரைச் சொல்லாமல் அதை எப்படிச் சொல்வாள்?

டி.வி.யில் படம் ஓடியது. மனைவியின் குரல் கேட்டதும் அவர் பேப்பரைத் தாழ்த்தினார். "நன்னா சொல்றா" என்றார். நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பினார். மிருகங்கள் ஜோடி ஜோடியாக ஏறின. கதவு மூடிற்று. மழை பிடித்தது.

நோவாவின் மனைவி ஜன்னலுக்கு வந்தாள். இடது கை கம்பியைப் பிடித்தது. கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உதடு மூடித் திறந்து, கடைசியில் திறந்தபடியே நின்றது. புல்லாங்குழல் ஒலித்தது.

"மேகனா" என்றார் பராசரன்.

தான் சொன்னது அவருக்கே முதலில் தெரியவில்லை என்று நினைக்கிறேன். கை தானாக ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தியது. சமையலறை வாசலில் வைஜயந்தி டம்ளர்களோடு நின்றுகொண்டிருந்தாள். காபி அவள் கையில் வழிந்துகொண்டிருந்தது. அவள் துடைக்கவில்லை.

"இது நீதானே?" என்று கேட்டார். "நீ கூப்பிடற மாதிரியே இருக்கே. டிபன் டப்பாவுக்கு."

"நான்தான்" என்றாள் வைஜயந்தி. "சத்தத்தை எடுத்துட்டா."

அவர் திரும்பித் திரையைப் பார்த்தார். திறந்த வாயோடு நோவாவின் மனைவி அப்படியே நின்றாள். அவர் எழுந்து போய்விடுவார் என்று நான் பயந்தேன். அவர் ரிமோட்டை என் பக்கம் நீட்டினார்.

"ஒரு தடவை கூப்பிட்டா அவ திரும்ப மாட்டாளே" என்றார். "இன்னொரு தடவை போடுங்கோ டீச்சர்."

கதவு மூடும் இடத்திலிருந்து மறுபடி போட்டேன். வைஜயந்தி டம்ளர்களைத் தரையில் வைத்துவிட்டு வந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். உதடு அசைந்தபோது இரண்டு பேரும் சேர்ந்து கூப்பிட்டார்கள்.